கேன்டீன் பக்கம் அடி!

பெருமதிப்பிற்குரிய கால்பந்துக் கழகச் செயலாளர் அவர்களுக்கு,

தங்கள் பெண்கள் அணியில் ஒன்பதாம் எண் சட்டை போட்டு முன்வரிசையில் ஆடுகிறவளைப் பெற்ற தகப்பன் எழுதிக்கொள்வது. நானும் என் மனைவியும் நலம். என் ரத்த அழுத்தம் மட்டும் தங்கள் கடிதம் கைக்கு வந்த நிமிடத்திலிருந்து நலமாக இல்லை. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் கையெழுத்தின் மேல் முத்திரை குத்திய அந்த மகானுபாவரும் நலமாக இருக்க வேண்டும். நான் நேரில் வந்து நாலு வார்த்தை கேட்கும்போது தாங்குவதற்குத் தெம்பு வேண்டுமல்லவா?

“பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் கொடுத்த புகாரின் பேரில் வரும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குத் தங்களை மைதானத்துக்குள் அனுமதிக்க இயலாது” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை எப்பேர்ப்பட்ட ஞாயிற்றுக்கிழமை என்று தங்களுக்குத் தெரியாதா? சீசனின் கடைசி ஆட்டம். என் மகளின் ஒப்பந்தம் அன்றோடு முடிகிறது. அவளுக்கு முப்பத்தொரு வயது, முழங்காலில் ஓர் ஆபரேஷன், ஏழு ஆட்டமாகக் கோல் இல்லை. “ஞாயித்துக்கிழமை பாத்துட்டு முடிவு பண்றோம்மா” என்று அவளிடம் சொன்னது தாங்கள்தானே? அது அவள் ஆடும் கடைசி ஆட்டமாகவே போய்விடலாம். அன்றைக்கு நான் வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க வேண்டுமா? என்ன நியாயம் சார் இது?

இவள் எப்படி வந்தவள் என்று தங்களுக்குத் தெரியாது, தாங்கள் போன வருடம் வந்தவர். முதல் கிளப்பில் பெண்களுக்கு உடை மாற்ற அறை கிடையாது, கோடு போடுகிற சுண்ணாம்பு மூட்டை அடுக்கிய அறையில்தான் மாற்றினார்கள், பாதி ஆட்டம் தும்மிக்கொண்டே ஆடினாள், தும்மிக்கொண்டே ஒரு கோலும் போட்டாள். ஆண்கள் போட்டுக் கழித்த சட்டையைக் கொடுத்தார்கள், அது முட்டி வரை தொங்கியது, என் மனைவி கத்தரியை எடுத்தவள் கோபத்தில் எண்ணையும் சேர்த்து வெட்டிவிட்டாள், ஒரு சீசன் முழுக்க ஒன்பது பாதி வாலோடுதான் ஓடியது. காலையில் கூரியர் ஆபீஸில் பார்சல் பிரிப்பாள், மாலையில் பயிற்சி. முழங்கால் போனபோது டாக்டர் “இனிமே நடந்தா போதும்மா” என்றார். பத்தாவது மாதம் அந்த டாக்டரின் ஆஸ்பத்திரி வாசலிலேயே பந்தைத் தட்டிக் காட்டிவிட்டு வந்தாள், கண்ணாடி உடைந்தது வேறு விஷயம். இதில் எதையும் நான் கூட இருந்து பார்க்கவில்லை என்பதுதான் சார் என் வயிற்றெரிச்சல். நான் வேலை பார்த்த துறைமுகத்துக்கு ஞாயிறு ஏது, திங்கள் ஏது? கப்பல் வந்தால் நானும் போக வேண்டும். பத்து வருடத்தில் நான் பார்த்தது மூன்றே ஆட்டம். இந்த சீசன் ஆரம்பத்தில் ஓய்வு பெற்றேன், அதிலிருந்து ஓர் ஆட்டம் விடவில்லை.

நான் சத்தம் போடுகிறேன் என்பதுதானே குற்றச்சாட்டு? ஆமாம், போடுகிறேன்! முப்பத்திரண்டு வருடம் கிரேனுக்குக் கீழே நின்று வழி சொன்னவன் நான். மேலே கூண்டில் இருக்கிற டிரைவருக்குக் கேட்க வேண்டும். இடது வலது என்று சொன்னால் அவனுக்கு இடது எனக்கு வலதாகிவிடும், இரும்புப் பெட்டி எவன் தலையிலாவது இறங்கும். அதனால் நாங்கள் “கடல் பக்கம்”, “கிடங்குப் பக்கம்” என்றுதான் கத்துவோம். ஒரு பெட்டி தப்பான இடத்தில் இறங்கியதில்லை, கேட்டுப் பாருங்கள்! அந்தச் சுத்தமான முறையைத்தான் மகளுக்கும் செய்கிறேன். தங்கள் மைதானத்தில் கோலுக்கு ஒரு பக்கம் கேன்டீன், மறு பக்கம் பெரிய கடிகாரம். அவள் பெனால்டி அடிக்கப் பந்தை வைத்ததும் எழுந்து நின்று, கோல்கீப்பர் எந்தப் பக்கம் அசட்டையாக இருக்கிறாள் என்று பார்த்து, “கேன்டீன் பக்கம் அடிம்மா!” அல்லது “கடிகாரப் பக்கம் அடிம்மா!” என்று ஒரே ஒரு தடவை, தெளிவாகச் சொல்கிறேன். என் பிள்ளை தங்கம், அப்பா சொன்ன பக்கம்தான் அடிக்கிறாள். ஆனால் அந்த கோல்கீப்பர்கள் இருக்கிறார்களே, எல்லோரும் மந்திரவாதிகள் சார்! நான் சொன்ன பக்கமே போய் விழுகிறார்கள்! நாலு பெனால்டி, நாலும் போச்சு. இதற்கு முந்தைய பத்து வருடத்தில் மொத்தமே இரண்டுதான் தவறவிட்டிருக்கிறாள். எங்கேயோ உளவு நடக்கிறது. அதை விசாரிக்கத் துப்பில்லை, தகப்பனை வெளியே தள்ளத் தெரிகிறதா?

புகார் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எனக்கு முன்வரிசையில் பஞ்சை வைத்துக் காதை அடைத்துக்கொண்டு உட்காரும் பல் டாக்டராக இருக்கும். ஊரார் பல்லைக் குடைகிறவருக்கு என் சத்தம் பொறுக்கவில்லையாம்! அல்லது அந்தக் கொடிக்காரர். ஆஃப்சைடே இல்லாததற்குக் கொடி தூக்கினார், “கொடிய மடிச்சு வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்யா” என்றேன், தப்பா? எவராக இருந்தாலும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். ஒரு பெண்ணின் பதினோரு வருட உழைப்பு முடியப்போகிற நாளில் அவளைப் பெற்றவனைக் கேட்டுக்கு வெளியே நிறுத்த எந்த மனுஷனுக்கு சார் மனசு வரும்? அவர்களுக்குப் பிள்ளை இல்லையா, குட்டி இல்லையா? பெயர் எனக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கேட்டின் மேல் ஏறி நின்று கத்துவேன். கடல் வரைக்கும் கேட்ட குரல் இது, தங்கள் சுவரெல்லாம் எம்மாத்திரம்.

தாங்களும் தங்கள் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ்ந்து இந்தக் கடிதத்துக்குப் பதில் போட வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
கடுங்கோபத்துடன்,
ஒன்பதாம் எண்ணின் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மகள் பயிற்சி முடிந்து வந்தாள். வாங்கிப் படித்தாள். காலணியைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“புகார் குடுத்தது நான்தான்ப்பா.”

கையிலிருந்த பசையைக் கீழே வைத்தேன் சார்.

“நீங்க கத்துறது எனக்கு மட்டுமா கேக்குது? கோல்ல நிக்கிற பொண்ணுக்குக் காது இல்லையா?”

“அப்போ நீ வேற பக்கம் அடிச்சிருக்கலாமேம்மா?”

“பத்து வருஷமா எங்கப்பா வந்திருக்காரான்னு கேலரியப் பாத்துப் பாத்து ஆடினேன். இப்பத்தான் வந்து உக்காந்து வழி சொல்றீங்க. எப்படிப்பா வேற பக்கம் அடிப்பேன்?”

உளவாளி நான்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அழுதேன், மறைக்கவில்லை. “நான் வரலம்மா, வெங்காயம் உரிக்கிறேன்” என்றேன். அவள் காலணிக் கயிற்றை இழுத்து அவிழ்த்துக்கொண்டே, “இல்ல, வாங்க. பெனால்டி கெடச்சா எழுந்து நின்னு கேன்டீன் பக்கம்னு கத்துங்க. உசுரு போற மாதிரி கத்துங்க” என்றாள். அவள் எந்தப் பக்கம் அடிப்பாள் என்று என்னிடமே சொல்லவில்லை.

ஆகவே மேலே எழுதியது எதையும் தாங்கள் படிக்கவில்லை. பல் டாக்டருக்கும் கொடிக்காரருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். புகாரை அவளே நாளைக் காலை வந்து திரும்ப வாங்கிக்கொள்வாள், கேட்டைத் திறந்து வையுங்கள். முப்பத்திரண்டு வருடத்தில் நான் ஒரு தடவைகூடப் பக்கத்தை மாற்றிச் சொன்னதில்லை சார். ஞாயிற்றுக்கிழமைதான் முதல் தடவை. நேற்றிலிருந்து தொண்டைக்கு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தது தங்களைத் திட்டுவதற்காக. இப்போது அதே தொண்டை அவளுக்கு வேண்டும்.