பரிசீலனையில் உள்ள சவுண்ட்கார்டு

வீட்டிலேயே ஒரு ஒலிப்பதிவுக் கூடம் அமைப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முடிவெடுத்தேன். பல் தேய்க்கும்போது எடுத்த முடிவு. வாயில் நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்துவிட்டு அறிவித்தேன்.

கூடம் என்றால் மலைத்துவிட வேண்டாம். பின்னறை, அதில் என் கிதார், ஒரு பழைய கம்ப்யூட்டர். இரண்டையும் இணைக்க ஒரு சவுண்ட்கார்டு. வந்து சேரும் சத்தத்தைப் பிடித்துவைக்க ஒரு சாஃப்ட்வேர். எங்கள் அலுவலக ஆண்டு விழாவில் ஊழியர்களின் சொந்தப் பாட்டுகளை ஒலிபரப்பப் போகிறார்கள். பதிவு செய்து கொடுக்க வேண்டும். என்னிடம் ஒரு மெட்டு இருந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருக்கிறது. செத்துப்போவதற்குள் அது நாலு பேர் காதில் விழ வேண்டாமா?

மனைவி எதிர்ப்பாள் என்று பதில் வாதங்களைத் தயாராக வைத்திருந்தேன். காரணம் உண்டு. மாலையில் அவள் ஹாலில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவள். நான் அலுவலகத்திலிருந்து வந்து கிதாரைத் தொடுவதும் அவள் பெருக்கலைத் தொடங்குவதும் ஒரே நேரம். ஒரு பெண் வீட்டுக்குப் போய் வாய்ப்பாட்டை என் மெட்டிலேயே பாடிக் காட்டியிருக்கிறாள். “இது கணக்கு வகுப்பா, பாட்டு வகுப்பா?” என்று கேட்டு அவள் அப்பா நிறுத்திவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர்.

ஆனால் மனைவி எதிர்க்கவில்லை.

“நல்ல விஷயம்தாங்க. செய்யுங்க.”

“நிஜமாவா சொல்ற?”

“இத்தனை வருஷம் வாசிச்சிருக்கீங்க. நாலு பேர் கேக்கட்டுமே. எதை வாங்கப் போறீங்க?”

உடனே போனை எடுத்தேன். படத்தைக் காட்டினேன். “இதோ, சின்னது. கிதார் ஒயரைச் செருக ஒரு ஓட்டை. போதும்.”

“ஒரே ஓட்டையா?” அவள் குனிந்து பார்த்தாள். “கூடவே பாடுவீங்களே. மைக்கை எங்க செருகுவீங்க?”

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இழப்பீட்டுக் கோப்புகளைச் சரிபார்ப்பவன். கோப்பின் மேல் யாராவது ஒரு சந்தேகம் எழுப்பிவிட்டால், அது தீராமல் கையெழுத்துப் போட மாட்டேன். மேலாளர் கெஞ்சினாலும் போட மாட்டேன். என் மேசைக்கு வந்த சில கோப்புகள், கொண்டுவந்தவர் ஓய்வு பெற்ற பிறகும் அங்கேயே இருக்கின்றன.

எனவே, மறுநாள் மாலையிலிருந்து இரண்டு ஓட்டைச் சவுண்ட்கார்டுகளை ஆராயத் தொடங்கினேன். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தேன். வீடியோவில் ஒருவர் ஒன்றை வானளாவப் புகழ்வார். அடுத்தவர் அதைக் குப்பையில் போடச் சொல்வார். மூன்றாமவர் இருவரையும் திட்டுவார். கிதார் மூலையில் சாய்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது.

“முடிவு பண்ணிட்டேன்,” என்றேன் ஒருநாள். “சாஃப்ட்வேரும் அதோட சேர்ந்தே வருது. இலவசம். எட்டு டிராக், அதாவது எட்டு சத்தத்தைத் தனித்தனியாப் பதியலாம்.”

“எட்டு போதுமாங்க?”

“நான் ஒருத்தன். கிதார் ஒண்ணு. எட்டு எதுக்கும்மா?”

“இப்ப ஒண்ணு. நாளைக்கே நடுவுல ஒரு புல்லாங்குழல் சேர்க்கணும், பின்னாடி கோரஸ் வரணும்னு தோணினா? பாதியில சாஃப்ட்வேரை மாத்தினா எல்லாத்தையும் முதல்லேருந்து கத்துக்கணுமாமே.”

நியாயமான சந்தேகம். கோப்பு திரும்பியது.

விலை கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேர்கள், மாதச் சந்தா கட்டுபவை, இலவசமாகத் தந்துவிட்டுப் பாட்டைச் சேமிக்கும்போது கையை நீட்டுபவை என்று எல்லாவற்றையும் அலசினேன். ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாயைத் திறந்தேன்.

“லேட்டன்சி பாத்தீங்களா?” என்றாள்.

“என்னது?”

“கம்பியைத் தட்டினதும் சத்தம் கம்ப்யூட்டருக்குள்ள போய்ச் சுத்திட்டு காதுக்கு வர்றதுக்குள்ள ஒரு தாமதம் ஆகுமாம். நம்ம கம்ப்யூட்டரோ கிழம்.”

இந்த வீட்டில் நான் கூப்பிடுவதற்கும் பதில் வருவதற்கும் ஆகிற தாமதத்தைவிட அது குறைவுதான் என்று சொல்ல நினைத்தேன். லேட்டன்சியை விசாரிக்கப் போனேன். எப்படிப்பட்ட மனைவி! கணவனின் கலைக்காக இவ்வளவு படிக்கிறாளே என்று அலுவலகத்தில் பெருமையடித்தேன்.

ஆண்டு விழா வந்தது. போனது. கேஷியர், தன் வீட்டுக் குளியலறையில் சீட்டியடித்து அதைப் போனிலேயே பதிவு செய்து கொடுத்திருந்தார். மறுபடியும் போடச் சொல்லிக் கூட்டம் அடம்பிடித்தது. “உங்க பாட்டு எங்க சார்?” என்று கேட்டவர்களிடம், “பரிசீலனையில் இருக்கு” என்றேன்.

மறுநாள் படிக்கட்டில் எதிர்வீட்டு நர்ஸ் இறங்கி வந்தாள். இரவு டியூட்டிக்குப் போகும்முன் மாலையில் தூங்குகிறவள்.

“என்னண்ணா, லேட்டன்சி பிரச்சினை தீந்துச்சா?”

நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். “அது உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“நான்தானே அக்காவுக்குப் பாத்துச் சொன்னேன்…” என்றவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்னத்தைச் சொன்ன?”

“கேள்வியை.” விரல் இடுக்கு வழியாகப் பதில் வந்தது. “ஓட்டை மட்டும் அக்காவே கேட்டது. அதுக்கப்புறம் எல்லாம் என்னோடது. கோச்சுக்காதீங்கண்ணா. இப்பல்லாம் சாயங்காலம் நல்லாத் தூங்குறேன். அந்த நன்றிக்கு ஏதாவது செய்யணுமில்ல?”

மூச்சிரைக்க மாடியேறினேன். மனைவி பலகையில் பின்னங்களை எழுதிக்கொண்டிருந்தாள்.

“என்னை வாசிக்க விடாம இருக்கத்தான் சந்தேகம் சந்தேகமாக் கேட்டியா?”

“ஆமாங்க.”

மறுப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் மாடியேறியிருந்தேன். அவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

“நிறுத்துங்கன்னு சொன்னா சண்டைக்கு வருவீங்க. சந்தேகம்னு சொன்னா நீங்களே நின்னுடுவீங்க. போன பிள்ளைங்க மூணு பேரும் திரும்பி வந்தாச்சு. புதுசாவும் சேந்திருக்காங்க.”

“இனிமே உன் பாச்சா பலிக்காது. இன்னைக்கே வாங்கறேன்!”

வாங்கினேன். முதலில் பார்த்த ஒற்றை ஓட்டைச் சவுண்ட்கார்டையே. அதோடும் அதே எட்டு டிராக் சாஃப்ட்வேர்தான் வந்தது. லேட்டன்சி அதன் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். விழா போனால் என்ன, மெட்டு இருக்கிறதே. பெட்டி வந்த அன்றே ஒயரைச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. ஹாலில் பிள்ளைகள் வந்து உட்காரும் சத்தம். மனைவி கதவருகே வந்து நின்றாள். முகத்தில் தோல்வி இருக்கிறதா என்று பார்த்தேன். சரியாகத் தெரியவில்லை.

“தாராளமா வாசிங்க. நான் தடுக்கல.”

“தடுத்தாலும் நிக்கமாட்டேன்.”

“சரிங்க.” போனாள். இரண்டடி வைத்துத் திரும்பினாள். “இல்ல, சாமான் கம்மியா இருக்கற அறையில சத்தம் சுவத்துல பட்டுத் திரும்பி வந்து பாட்டையே கெடுத்துடுமாம். கை தட்டிப் பாத்தாலே தெரிஞ்சிடுமாம். அதெல்லாம் நீங்க பாக்காதீங்க. வாசிங்க.”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். இவ்வளவு தெரிந்த பிறகுமா? கதவைச் சாத்தினேன். கிதாரை மடியில் வைத்தேன். பதிவுப் பொத்தானின் மேல் விரலை வைத்தேன்.

சுவரைப் பார்த்தேன். நான்கு பக்கமும் வெறுமையாகத்தான் இருந்தது.

விரலை எடுத்தேன். கிதாரை இறக்கி வைத்தேன். என் ஒலிப்பதிவுக் கூடத்தில் கேட்ட முதல் கைதட்டல் நான் தட்டியது. அது திரும்பியும் வந்தது.