மாப்பிள்ளை வீட்டு மீன்

அன்பும் மரியாதையும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வர, மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் நம் பெண்ணும் புது வீட்டில் பெட்டிகளைப் பிரித்து அடுக்கிச் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மீன் சௌக்கியமா என்ற விஷயம் கடிதத்தின் நடுவில் வருகிறது. அவசரப்பட்டு அங்கே தாவாமல் வரிசையாகப் படிக்கும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

போனில் சொல்ல வேண்டியதுதானே, எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தாலே உங்கள் அத்தை எதிரில் நின்று கண்ணை உருட்டுகிறாள். அதையும் மீறிப் பேசினால் போனைப் பிடுங்கி, "எல்லாம் நல்லா இருக்கு மாப்பிள்ளை, மீன் துள்ளி விளையாடுது" என்று சொல்லிவிடுகிறாள். நீங்கள் விட்டுச் சென்றது துள்ளுகிற மீனே இல்லை. கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க ஒரே இடத்தில் தொங்குகிற மீன். அது துள்ளினால்தான் நாம் பயப்பட வேண்டும். நீங்கள் அன்று "ரொம்ப சந்தோஷம் அத்தை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். அதனால் அவள் கடைக்குப் போன நேரத்தில் இதை எழுதுகிறேன்.

வீடு மாற்றும் அவசரத்தில் தொட்டியை எங்கள் முன்னறையில் இறக்கி வைத்துவிட்டு நீங்கள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "இதுக்குத் தனியா சாப்பாடே வேண்டாம் மாமா. கண்ணாடியில படியற பாசியைத் தின்னுக்கும். தொட்டியும் சுத்தமா இருக்கும். நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம்." கல்யாணம் ஆனதிலிருந்து எங்களிடம் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட நீங்கள் வாய்விட்டுக் கேட்டதில்லை. முதல் தடவையாக ஓர் உயிரையே நம்பி ஒப்படைத்தீர்கள். எங்கள் ஒரே பெண்ணை உங்களிடம் ஒப்படைத்தபோது எனக்கு எப்படி இருந்ததோ அப்படித்தான் உங்களுக்கும் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவளைத் திருப்பித் தருவதாக நீங்கள் சொல்லவில்லை, இதைத் திருப்பித் தருவதாக நான் சொல்லியிருக்கிறேன், அது ஒன்றுதான் வித்தியாசம். இந்த மீனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதுதான் அன்று முதல் என் ஒரே கவலை. சத்தியமாகச் சொல்கிறேன், என் உத்தியோகத்தில்கூட நான் இவ்வளவு பொறுப்பாக இருந்ததில்லை.

ஆனால் ஒன்றுமே செய்யாமல் இருப்பது உங்கள் அத்தையால் முடியாத காரியம். நீங்கள் கிளம்பிய மறுநாள் காலையிலேயே முன்னறையிலிருந்து குரல் வந்தது. "என்னங்க, ஓடி வாங்க. அவர் சுவரை நக்கறார்." யார் நக்குவது என்று பதறிப் போய்ப் பார்த்தால், மீன். "சாப்பிடுதும்மா" என்றேன். "நல்லா இருக்கு உங்க பேச்சு. மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து வந்தவர், நம்ம வீட்டுல அழுக்கைத் தின்னுக்கிட்டு, கண்ணாடி துடைச்சுக்கிட்டு இருக்கார். நாலு பேர் பார்த்தா என்ன சொல்லுவாங்க? நாளைக்கு மாப்பிள்ளை வந்தா கையில துடைப்பத்தைக் கொடுப்பீங்களா?" என்றாள். அன்றே புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்கை வரை தண்ணீரில் விட்டு, தொட்டியின் நான்கு பக்கத்தையும் பழைய வேட்டித் துணியால் தேய்த்துத் தள்ளிவிட்டாள். மீன் பயந்து பின்பக்க மூலைக்குப் போய் அங்கே இருந்த கொஞ்சம் பச்சையில் வாயை வைத்தது. "பாருங்க, அங்கயும் வேலை செய்யப் போறார். எவ்வளவு கூச்ச சுபாவம்" என்று அந்த மூலையையும் துடைத்தாள். பிறகு தினமும் இதே கதைதான். மீன் எங்கே வாயை வைக்கிறதோ அங்கே துணி வந்து நிற்கும்.

நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை, ஏனென்றால் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. குடிநீர் வழங்கல் துறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். பாசி என்ற சொல் காதில் விழுந்தாலே கை தானாக பிளீச்சிங் பவுடரைத் தேடும். என் கண்காணிப்பில் இருந்த உயர்நிலைத் தொட்டிகளில் பாசி இருந்ததாக ஓர் அறிக்கையிலும் கிடையாது. அப்படிப்பட்டவன் வீட்டு முன்னறையில், வருகிறவன் போகிறவன் கண்ணில் படும்படி, பச்சைப் பசேல் என்று ஒரு தொட்டி நின்றால் என்ன அர்த்தம்? ஆகையால் நானே கீழே கிடந்த கூழாங்கற்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பல் விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கொடுத்தேன். தொட்டி கண்ணாடிக் கடையில் வைத்த மாதிரி மின்னியது. பார்க்க வந்த எதிர்வீட்டுத் தையல்காரர்கூட உள்ளே தண்ணீர் இருப்பது தெரியாமல் விரலை விட்டுவிட்டார்.

தொட்டி தேறிக்கொண்டே வந்தது, மீன் மெலிந்துகொண்டே வந்தது. வயிறு ஒட்டி, கண் உள்ளே போய், தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. புது இடம் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் உங்கள் அத்தை. எனக்கு மனசு கேட்கவில்லை. கடைவீதியில் வளர்ப்பு மீன் விற்பவரிடம் போனேன். அவர் யாருடைய தொட்டிக்கோ காற்றுக் குழாயை இணைத்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "தொட்டியில பாசி இருக்கா சார்?" என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "ஒரு பொட்டுகூடக் கிடையாது" என்றேன். அப்போதுதான் திரும்பினார். "அப்ப அது எதைத் திங்கும்? பாசி திங்கற மீன்னா பாசி இல்லாட்டி பட்டினின்னு அர்த்தம் சார். சாப்பாட்டுத் தட்டைப் பிடுங்கிக் கழுவி வச்சுட்டு, ஏன் இளைச்சுட்டேன்னு கேக்கறீங்க" என்றார். கடையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தொட்டியை வெயில் படுகிற ஜன்னலோரம் வை, பாசி தானாக வரும், அதுவரை வெள்ளரிக்காயை லேசாக வேகவைத்துப் போடு, உப்பு கூடவே கூடாது, மிதக்காமல் ஸ்பூனில் குத்தி இறக்கு, புதுச் சாப்பாட்டை வெளிச்சத்தில் இது தொடாது, விளக்கை அணை, மிச்சத்தை அப்படியே ஊறவிடாமல் எடுத்துவிடு என்று வரிசையாகச் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் உங்கள் அத்தை அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "வந்தவரைப் பட்டினி போட்டுட்டேனே" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவள் அழுது நான் பார்த்தது அபூர்வம். ஆனால் அழுகை அடங்கியதும் உபசாரம் ஆரம்பித்துவிட்டது. வெறும் வெள்ளரிக்காயை எப்படி வைப்பது என்று அதைப் பூப்பூவாக வெட்டினாள். உப்பில்லாமல் போட்டால் பின்னால் ஒரு பேச்சு வரும் என்றவளை, உப்பு ஜாடியை மறைத்து வைத்துத்தான் தடுத்தேன். சாதாரண ஸ்பூன் மரியாதையாக இருக்காது என்று, நீங்கள் வரும்போது மட்டும் வெளியே வருகிற வெள்ளி ஸ்பூனை எடுத்துக் குத்தி இறக்கினாள். பிறகு தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "சாப்பிடுங்க, கூச்சப்படாதீங்க, இன்னொரு துண்டு வைக்கட்டுமா" என்று விசாரித்தாள். மீன் தொட்டிக்குள் கிடந்த மரக்கட்டைக்குப் பின்னால் போனது வரவே இல்லை. விளக்கை அணைக்க வேண்டும் என்று நான் ஞாபகப்படுத்தியதும், முன்னறை விளக்கை மட்டும் அணைத்தால் போதாது என்று வீடு முழுக்க அணைத்துவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் நாங்கள் இருட்டில் உட்கார்ந்து, தட்டு எது மேசை எது என்று தெரியாமல் சாப்பிட்டோம். நான் தண்ணீர் என்று நினைத்துக் குடித்தது வெள்ளரிக்காய் வேகவைத்த தண்ணீர். தையல்காரர் மெழுகுவர்த்தியோடு வந்து, "உங்களுக்கு மட்டும் கரண்ட் போயிடுச்சா சார்?" என்றார். "மாப்பிள்ளை வீட்டுக்காரர் சாப்பிடறார், வெளிச்சம் காட்டாதீங்க" என்று உங்கள் அத்தை கதவைச் சாத்திவிட்டாள். உங்கள் குடும்பத்தைப் பற்றித் தெருவில் இப்போது என்ன பேசிக்கொள்கிறார்களோ, அதற்கு நான் பொறுப்பில்லை.

வெள்ளரிக்காயை ஓரத்தில் கொஞ்சம் சுரண்டியிருந்தது, அவ்வளவுதான். பாசியே வேண்டும் என்று எனக்குப் பட்டது. வெட்கத்தை விட்டு, என்னிடம் உதவியாளராக இருந்து இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவரைப் பார்க்கப் போனேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் மழை, வெயில், முழங்கால் வலி எல்லாம் பேசிவிட்டு, "நம்ம தொட்டி எதுலயாவது தப்பித் தவறி ஒரு துளி பாசி கிடைக்குமா?" என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. "எந்தத் தொட்டியிலேர்ந்து வேணும் சார்? மூணாம் நம்பர்ல நல்லா அடர்த்தியா இருக்கும். உங்க காலத்துலேர்ந்து இருக்கறது" என்றார். என் காலத்தில் அவர் எழுதிக் கொடுத்து நான் கையெழுத்துப் போட்ட அறிக்கைகள் எல்லாம் கண் முன்னால் வந்து போயின. ஊர் மக்களின் ஆரோக்கியத்தைப் பற்றி அந்த நேரத்தில் நான் நினைக்கவில்லை, மாப்பிள்ளை. மீன் பிழைத்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஒரு வாளி நிறையப் பாசி பிடித்த கற்களாகக் கொடுத்தனுப்பினார். தங்கம் கொண்டுவருவது போல் கொண்டுவந்து சமையலறையில் வைத்துவிட்டு, சட்டை மாற்றி வருவதற்குள் உங்கள் அத்தை அத்தனையையும் வெந்நீரில் போட்டுத் தேய்த்து வெள்ளைவெளேரென்று அடுக்கிவிட்டாள். "எங்கயோ கிடந்ததைக் கழுவாமலா அவருக்கு வைக்கறது?" என்றாள். நான் போய்ப் படுத்துக்கொண்டேன்.

இப்போதைய நிலவரம் இதுதான். தொட்டி ஜன்னலோரம் இருக்கிறது. ஓரத்தில் பச்சையாக ஏதோ ஒன்று தெரிகிற மாதிரி இருக்கிறது. வீட்டில் உள்ள துணி, பிரஷ், கைக்குட்டை வரை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை நான் இடுப்பில் கட்டியிருக்கிறேன். ஆனாலும் உங்கள் அத்தை அந்தப் பக்கம் போகும்போது அவள் கட்டைவிரல் தானாகக் கண்ணாடியைத் தேய்க்கப் போகிறது. எத்தனை நாள் காவல் காப்பேன்? மீனைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகையால் தாங்கள் பெரிய மனது பண்ணி, வேலைகள் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு, அடுத்த வாரமே வந்து உங்கள் மீனை உயிரோடு அழைத்துப் போகும்படி கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். வழக்கமான உபசாரத்தில் ஒரு குறையும் இருக்காது.

நம் பெண்ணுக்கு என் அன்பு. உங்கள் இருவருக்கும் எங்கள் பரிபூரண ஆசிகள். வீடு நிறைய, மனசு நிறைய இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நம்பிக்கைக்கு உரியவனாக இருக்கப் பாடுபடும்
மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியிருப்பது அத்தனையையும் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளவும். கடிதத்தைத் தபாலில் போடாமல் சட்டைப் பையிலேயே வைத்து மறந்துவிட்டேன். இதற்குள் நம் பெண் பேசினாள். புது வீட்டுக்குப் புதுத் தொட்டியும், காந்தம் வைத்துக் கண்ணாடி தேய்க்கிற கருவி ஒன்றும் வாங்கிவிட்டீர்களாம். மீனைப் பற்றி அவள் கேட்டதற்கு, "அது இன்னும் இருக்கா? மாமாவே வச்சுக்கட்டுமே" என்றீர்களாம். உங்கள் அத்தை போனை வைத்தாள். பிறகு நேரே தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். "அப்ப நீ மாப்பிள்ளை வீட்டு ஆள் இல்லையா? நம்ம வீட்டுப் பிள்ளைதானா? டேய், அந்த மூலை அவ்வளவு பச்சையா கிடக்கே, அதை யாரு வந்து தேய்ப்பா?" என்றாள். வெள்ளி ஸ்பூன் அன்றே உள்ளே போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் கண்ணாடியைத் தொடவே இல்லை. வேளைக்கு ஒரு துண்டு வெள்ளரிக்காயைப் போட்டுவிட்டு, "வேலையைப் பாரு" என்று போய்விடுகிறாள். மீன் உருண்டு திரண்டு இருக்கிறது. மரியாதை போனதும் அதற்கு உயிர் வந்துவிட்டது. இதைக் கண்ணால் பார்த்ததிலிருந்து, இத்தனை வருஷமாக உங்களையும் தவறாக நடத்திவிட்டோமோ என்று உங்கள் அத்தைக்கு ஒரே வருத்தம். இனி நீங்களும் எங்கள் வீட்டுப் பிள்ளைதான் என்று முடிவு செய்துவிட்டாள். அடுத்த முறை வரும்போது மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் நீங்கள்தான் இறங்கிக் கழுவ வேண்டுமாம். பழைய அரைக்கால் சட்டை ஒன்று எடுத்துவரவும்.