டத்தோவைப் பார்க்கப் போட்ட பாத்தேக் சட்டை

பினாங்குத் தீவில் தூரம் என்று ஒன்று கிடையாது என்பதைக் கண்டுபிடித்தவர் தெக்காட் அண்ணன். மற்றவர்களுக்கு மலை, வளைவு, மழை, வாகன நெரிசல் எல்லாம் உண்டு. அவருக்கு எல்லாமே தெக்காட். பக்கத்தில் என்பதற்கு மலாய்க்காரர்கள் சொல்லும் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு முப்பது வருடமாக வீடு காட்டி விற்கிறார். அவருடைய சொந்தப் பெயர் அவருடைய அடையாளக் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். ஆயர் ஈத்தாம் சந்தையில் தெக்காட் அண்ணன் எங்கே என்று கேட்டால், "இங்கதான், பக்கத்துல" என்பார்கள். ஒருநாளும் பக்கத்தில் இருக்கமாட்டார்.

சும்மா வாயால் தெக்காட் என்று சொல்லிவிட்டுப் போகிறவரும் அல்ல. ஆதாரம் காட்டுவார். சந்தையில் பிளாஸ்டிக் பையில் சுடச்சுட ஒரு தே, அதாவது டீ, வாங்கி, நூலால் இறுக்கக் கட்டி, மோட்டாரில் புறப்படுவார். வீடு வாங்க வந்தவர் காரில் பின்னால் போக வேண்டும். மலை ஏறி, மலை இறங்கி, தார்ச்சாலை மண்சாலையாகி, மண்சாலை ஒற்றையடிப் பாதையாகி, கடைசியில் வீடு வந்ததும் தேப் பையை நீட்டுவார். "தொட்டுப் பாருங்க. இன்னும் சூடா இருக்குல்ல? தெக்காட்தான்லா." உண்மையிலேயே சூடாக இருக்கும். வழியெல்லாம் அதைச் சட்டைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு வருகிறார் என்பது பலருக்கு வீடு வாங்கிய பிறகுதான் தெரியும். தொழிலுக்காக அடுத்தவர் வயிற்றில் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தன் வயிற்றைச் சுட்டுக்கொண்டவர் இவர் ஒருவர்தான்.

இவரிடம் நான் மாட்டியது என் வாயால். பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக ஷிப்ட் பார்க்கிறவன் நான். குடியிருப்பது ஆயர் ஈத்தாமில் பதினோராவது மாடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தை ஓரக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டபடி, வழக்கம்போல் சத்தமாக அளந்துகொண்டிருந்தேன். இந்தக் கான்கிரீட் பெட்டியில் நான் சாகப் போவதில்லை, காட்டுக்குள் ஒரு வீடு வாங்குவேன், விடிந்ததும் அருவியில் குளிப்பேன், குரங்குகளோடு பசியாறுவேன் என்றெல்லாம். நாலு பேர் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். சிரித்தார்கள். பின்மேசையிலிருந்து ஒருவர் மட்டும் சிரிக்காமல் திரும்பினார்.

"தம்பி, அருவி இல்ல. சின்ன ஓடைதான், பரவால்லயா?"

நான் பதில் தேடுவதற்குள் என் மனைவி சாரதா கேட்டுவிட்டாள். "எவ்வளவு தூரம்ணே?"

என்ன பதில் வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சாரதாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் கேலிப் பேச்சை இருபத்து நாலு வருடமாகக் கேட்டு, எதையும் காதில் போட்டுக்கொள்ளாத பழக்கம் அவளுக்கு உண்டு. இதைப் போட்டுக்கொண்டாள். காரணம் இருந்தது. எங்கள் மாடி நடைபாதையில் பெயின்ட் டின்னில் அவள் வளர்த்த கருவேப்பிலையைப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அதற்கு முந்தைய வாரம்தான் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் சண்டை போடவில்லை. டின்னைக் கொண்டுவந்து சமையலறைத் தொட்டிக்குப் பக்கத்தில், வெயிலே படாத இடத்தில் வைத்துவிட்டு, இலையை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். சண்டை போட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

தீவின் மறுபக்கத்தில், பாலிக் பூலாவுக்கு மேலே, மலைச்சரிவில் இருந்தது வீடு. பாதி கல், பாதி பலகை, மேலே தகரம். சுற்றிலும் டுரியான் மரங்கள், ஜாதிக்காய் மரங்கள். குழாயில் வருவது மலைத் தண்ணீர். அடுத்த வீடு எங்கே என்று கேட்டேன். தெக்காட் அண்ணன் கையை நீட்டினார். அந்தத் திசையில் கடல்தான் தெரிந்தது.

ஆனால் மனிதர் நேர்மையானவர். தூரத்தைத் தவிர எதிலும் பொய் சொல்லமாட்டார். குறைகளை எல்லாம் அவரே கூட்டிப்போய்க் காட்டினார், பூர்வீகச் சொத்தைக் காட்டுவது மாதிரி. கூரையில் இரண்டு ஓட்டை. படிக்கட்டில் ஒரு கல் ஆடும். குரங்குகள் ஒரு கூட்டம் காலையில் வரும், மாலையிலும் வரும். பாம்பு உண்டா என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். என் குரல்தான் கொஞ்சம் கீச்சென்று வந்தது.

"இருக்கு. ஆனா ஒன்னப் பாத்தா அது ஓடிரும்."

"நான் ஓடினா?"

"அப்ப ரெண்டு பேரும் ஓடுவீங்க. சண்ட இல்ல."

கைத்தொலைபேசிக்கு லைன் இல்லை. ஜாதிக்காய் மரத்தடியில் ஒரு பாறை இருக்கிறது, அதன்மேல் ஏறி நின்றால் மட்டும் வரும். அதையும் காட்டினார். "யார்கூடயாச்சும் பேசணும்னா ஏறு. வேணாம்னா எறங்கு. எந்தக் கம்பெனியும் இந்த மாதிரி குடுக்காதுலா."

இதற்குள் சாரதா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மண்ணில் நின்றுகொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தேன். தொலைந்தேன் என்று தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து என் தூக்கம் போனது. கரப்பான்பூச்சி வந்தால் நாற்காலியில் ஏறி மனைவியைக் கூப்பிடுகிற ஆள் நான். மருத்துவமனைக்கு எத்தனை வளைவு என்று எண்ணினேன். மலைப்பாம்பு என்னென்ன விழுங்கும் என்று படித்தேன். அது விழுங்கக்கூடிய அளவில்தான் நான் இருந்தேன். வெளியில் மட்டும், வாங்கினால் அதைத்தான் வாங்குவேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். யாராவது தடுக்கமாட்டார்களா என்று உள்ளுக்குள் வேண்டுதல்.

வேண்டுதல் பாதி பலித்தது. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் தெக்காட் அண்ணன் வந்து சேதி சொன்னார். கோலாலம்பூரிலிருந்து ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கப் போகிறதாம், பார்த்தால் எடுத்துக்கொள்வார்களாம். சாரதா அதைக் கேட்டதும் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள், சாப்பிடவில்லை. அப்போது தெக்காட் அண்ணன் இன்னொன்றும் சொன்னார். வீட்டுக்குச் சொந்தக்காரர் மகனோடு டவுனில் இருக்கிற ஒரு சீன அம்மா. அண்ணன் சொன்னதைக் கேட்டே அவருக்கு எங்களைப் பிடித்துவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை.

"டத்தோகிட்ட ஒரு வார்த்த கேக்கணும் தம்பி. அவரு சரின்னாத்தான் அம்மா கையெழுத்துப் போடும். சனிக்கெழம காலைல போவோம்."

டத்தோ. இங்கே பெரிய மனிதர்களுக்கு அரசு கொடுக்கும் பட்டம். ஆயுளில் ஒரே ஒரு டத்தோவை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அதுவும் தொழிற்சாலைத் திறப்பு விழாவில், ரிப்பனுக்கு மறுபக்கம். பட்டம் பெற்ற பெரிய மனிதர் ஒருவர் அந்த மலையில் எங்கே ஒளிந்திருக்கிறார்? பக்கத்துத் தோட்டமெல்லாம் அவருடையதாக இருக்கும் என்று நானே முடிவுசெய்துகொண்டேன். விவரம் கேட்டேன்.

"டத்தோ எப்படிண்ணே, கோவக்காரரா?"

"ரொம்ப அமைதி. பேசவே மாட்டாரு."

"எத்தன மணிக்கு இருப்பாரு?"

"எப்பவும் அங்கதான் இருப்பாரு. எங்க போகப்போறாரு?"

"கையில ஏதாச்சும் வாங்கிட்டுப் போகணுமா?"

"வெத்தல, பழம், பூ போதும். சுருட்டுன்னா ரொம்பப் பிடிக்கும். பன்றி எறச்சி மட்டும் கொண்டாந்துறாத, அவரு மலாய்க்காரரு, முஸ்லிம்."

டத்தோவைப் பார்க்கப் போகிறவன் எதற்குப் பன்றியோடு போகப்போகிறேன் என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சாரதாவோ, வெத்தல, சுருட்டுன்னு பெரிய மனுசங்க பழைய பழக்கத்த விடமாட்டாங்க என்று விளக்கமும் சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை காலை, கல்யாண விருந்துகளுக்கென்று வைத்திருந்த பூ அச்சிட்ட நீளக்கை பாத்தேக் சட்டையைப் போட்டேன். கறுப்புச் சப்பாத்துக்குப் பாலிஷ். 'யாங் பெர்பஹாகியா டத்தோ' என்று தொடங்கும் மரியாதைப் பேச்சைக் கண்ணாடி முன்னால் ஆறுமுறை ஒத்திகை பார்த்தேன். தெக்காட் அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா இருக்கு. இதுவரைக்கும் யாரும் இப்படி வந்ததில்ல," என்றார். பெருமையாக இருந்தது.

முந்தின நாள் மழை. பாலிஷ் போட்ட சப்பாத்து ஏறும், வழுக்கும், இறங்கும், மறுபடி ஏறும். வீட்டின் பின்பக்கம் பெரிய டுரியான் மரத்தடியில் போய் நின்றார் அண்ணன். நான் சட்டையை இழுத்துவிட்டு, தலையை வாரி, மூச்சுப் பிடித்து நின்றேன். யாரும் வரவில்லை.

"டத்தோ எங்கண்ணே?"

அவர் குனிந்து கை காட்டினார். மரத்தின் வேரோரம் ஒரு சிவப்புக் கூண்டு, மைக்ரோவேவ் அடுப்பு அளவில். உள்ளே மலாய்க்காரர்கள் வைக்கும் சொங்கோக்குத் தொப்பி போட்ட ஒரு சின்னச் சிலை. முன்னால் சாம்பிராணிக் கிண்ணம். நிலத்தைக் காக்கிறவர் என்று சீனர்கள் கும்பிடும் டத்தோ கோங். பினாங்கில் மரத்துக்கு மரம் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் காட்டோரம் ஒதுங்கும்போதெல்லாம் இவரிடம் அனுமதி கேட்டவன்தான். கூப்பிடும்போது பட்டம் வாங்கிய டத்தோவும் டத்தோ, காவல் காக்கிற டத்தோவும் டத்தோ. நான்தான் பட்டத்தை நினைத்துவிட்டேன்.

சாரதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மரத்தைப் பிடித்தபடி குலுங்கினாள். தெக்காட் அண்ணன் சிரிக்கவில்லை. சாம்பிராணி போட்டார், சுருட்டைப் பற்றவைத்து வைத்தார், என் பக்கம் திரும்பினார்.

"பேசு தம்பி. கேட்டுக்கிட்டுதான் இருக்காரு."

ஒத்திகை பார்த்ததெல்லாம் வீணாகக் கூடாது என்று யாங் பெர்பஹாகியாவில் தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்திலேயே மலாய் தீர்ந்துபோனது. தமிழில் சொன்னேன். டத்தோ, எனக்குப் பாம்பென்றால் பயம், அட்டை என்றால் பயம், இருட்டென்றாலும் பயம், இவளுக்கு மட்டும் ஒன்றுக்கும் பயமில்லை, இவள் மண்ணில் கால் வைத்து ரொம்ப நாளாகிறது என்றேன். அதற்குமேல் கேலி எதுவும் வரவில்லை. எனக்கே ஆச்சரியம்.

அண்ணன் இரண்டு இருபது காசு நாணயங்களை எடுத்தார், ஒரு பக்கம் எண், மறுபக்கம் பூவேலை. ஒன்று எண், ஒன்று பூவேலை விழுந்தால் டத்தோவுக்குச் சம்மதம். இரண்டும் எண் விழுந்தால் சிரிக்கிறார் என்று அர்த்தம், மறுபடி கேட்கலாம். இரண்டும் பூவேலை என்றால் இல்லை, இறங்கிப் போக வேண்டியதுதான்.

முதல் வீச்சு. இரண்டும் எண்.

"சிரிக்கிறாரு. ஒன் சட்டையப் பாத்துதான்," என்றார்.

இரண்டாவது வீச்சு. ஒன்று என் சப்பாத்துக்கு முன்னால் பூவேலையாக விழுந்தது. மற்றது கல்லில் பட்டுத் தெறித்து, கூண்டுக்குப் பின்னால் வேர்களுக்குள் போய்விட்டது.

வேண்டாம் என்று வாரம் முழுக்க வேண்டிக்கொண்டிருந்த நான் அடுத்த நொடி என்ன செய்தேன் தெரியுமா? பாத்தேக் சட்டையோடு மண்டி போட்டேன். சேற்றில் தவழ்ந்தேன். முழங்கையில் அட்டை ஏறியது, தட்டிவிட நேரமில்லை. அது பூவேலையாக மட்டும் இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனேன். ஓடைச் சத்தம், அந்தப் பாறை, ஆடுகிற படிக்கல் எல்லாம் கையைவிட்டுப் போகப்போகிறதே என்று வேர் வேராகத் தடவினேன். இந்த வீடு எனக்கு வேண்டும் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

நாணயம் இருந்தது. இரண்டு வேர்களுக்கு நடுவில், சேற்றில் குத்தி, செங்குத்தாக நின்றது. எண்ணும் இல்லை, பூவேலையும் இல்லை. லேசாகப் பூவேலைப் பக்கம் சாயலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. என் விரல் பட்டது. பட்டது என்றால், பட்டதுதான். இதற்குமேல் என்னைக் கேட்காதீர்கள்.

"எண்," என்றேன்.

தலையைத் தூக்கினால், கூண்டுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் தெக்காட் அண்ணன். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறார் என்று தெரியவில்லை. திருடன் மாதிரி விழித்தேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "டத்தோவுக்கு வெரல் கெடையாது தம்பி. ஆளுங்க வெரலத்தான் எடுத்துக்குவாரு."

பிறகு பாறைமேல் ஏறி நின்று அந்தச் சீன அம்மாவுக்குத் தொலைபேசி போட்டார். ஹொக்கியன் என்ற சீன மொழியில் அவர் சொன்னதில் எனக்கு "ஹோ, ஹோ" மட்டும்தான் புரிந்தது. நல்லது, நல்லது. சாரதா என் முழங்கையிலிருந்த அட்டையைப் பிய்த்து எறிந்தாள்.

கையெழுத்தெல்லாம் முடிந்து பால் காய்ச்சிய காலையில், தெக்காட் அண்ணன் வேலிக்கு வெளியிலேயே நின்றார். உள்ள வாங்கண்ணே என்றேன். சட்டைக்குள் கைவிட்டு, கழுத்தில் நூல் கோத்துத் தொங்கிய வீட்டுச் சாவியைக் கழற்றினார். அந்த அம்மா டவுனுக்குப் போனதிலிருந்து நாலு வருடம், யாரும் கேட்காமலே, வாரம் ஒரு தடவை வந்து ஜன்னல்களைத் திறந்துவிட்டு, குழாயில் அடைத்த இலையை எடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் குடியிருப்பது கடைவீட்டு மாடியில் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்.

"நீங்களே வாங்கியிருக்கலாமேண்ணே?"

"நா வாங்கிட்டா அப்புறம் யாருக்குக் காட்டுறது?"

சாவியை என் கையில் வைத்தார். கையை எடுக்கக் கொஞ்சம் நேரமானது. பிறகு காலியான கழுத்தை ஒருமுறை தடவிக்கொண்டு, பால் நல்லா பொங்குச்சா மா என்று சாரதாவைக் கேட்டார்.

மறுநாள் சந்தையில் சாவி வெட்டுகிறவர் எத்தனை வேண்டும் என்று கேட்டார். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். மூன்று என்றேன், ஒன்றில் நூல் கோத்துக் கொடுக்கச் சொன்னேன்.