முன் டயரில் முளைத்த சம்பா

வயதான விவசாயிக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் எதுவும் கிடையாது. கேட்டால் சொல்வான். கேட்காவிட்டாலும் சொல்வான். நானும் அந்த ரகம்தான்.

பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன் நான். ஆனால் பாரம் ஏற்றுவதைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்க முடியாது என்று நினைத்திருந்தேன். மாட்டுவண்டியில் பின்பாரம் கூடினால் நுகத்தடி தூக்கும், முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து அழுந்தும். எங்களிடம் ஒரு செவலைக் காளை இருந்தது. முன்பக்கம் ஒரு மூட்டை அதிகமாகிவிட்டால் நகராது, திரும்பி என்னை முறைக்கும். (அதற்கும் எனக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அதை விடுங்கள்.)

என் மருமகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார். ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது முழ நீளத்தில் ஒரு ஜீப்பைக் கொண்டுவந்தார். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பாறைமேல் ஏற்ற வேண்டுமாம். வேகமெல்லாம் கிடையாது, பிள்ளைத்தாச்சி படியேறுவதுபோல் யோசித்து யோசித்து ஏறும். இதற்குப் போட்டி வேறு வைக்கிறார்கள். எங்கள் குடவாசல் பக்கம் கல் என்றால் அரிசியில் கிடப்பதுதான், அதனால் போட்டி வல்லத்துக்கு அருகே செம்புராங்கல் வெட்டியெடுத்த ஒரு பாறைப் பள்ளத்தில்.

மருமகனுக்கு அந்தப் போட்டி சாதாரணமானதில்லை. அவருடைய அப்பா, அதாவது என் சம்பந்தி, தஞ்சாவூரில் இருக்கிற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஊரில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், "எம் மவன் பொம்மை கார் ஓட்டுறான்" என்று தானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார், வேறு யாராவது சொல்லிக் கேலி செய்துவிடுவார்களோ என்று. அப்படிப்பட்டவர் முதன்முதலாகப் பார்க்க வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அவர் கண்முன்னே ஒரே ஒரு தடவை வண்டி உச்சிக்கு ஏறிவிட வேண்டும். மருமகனுக்கு வேறு ஆசை இல்லை.

ஆனால் வண்டி செங்குத்தாக ஏறும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு மல்லாந்தது.

"முன்னாடி வெயிட்டு பத்தல மாமா. முன் சக்கரத்துக்குப் பித்தளை வெயிட்டு ஆர்டர் போட்டேன். பார்சல் இன்னும் வரல."

கல்யாணமான நாளிலிருந்து 'சாப்பிட்டீங்களா மாமா'வைத் தாண்டி என்னிடம் பேசாத மனிதர் குறையைச் சொல்கிறார். விடுவேனா?

"பாரந்தானே மாப்ள? எங்கிட்ட விடுங்க."

"மாமா, அது வந்து..."

"நீங்க போயி காப்பி சாப்பிடுங்க."

முன் சக்கரத்தைக் கழற்றி, சுற்றியிருந்த குட்டித் திருகாணிகளை எடுத்துப் பார்த்தால் உள்ளே காற்று இல்லை, பஞ்சு! (கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவனை மனதாரத் திட்டினேன்.) சேற்று உழவுக்கு டிராக்டர் டயரில் தண்ணீர் ஏற்றுவார்கள். இதில் ஏற்றினால் ஒழுகிவிடும். சுற்றுமுற்றும் பார்த்தேன். சம்பாவுக்கு ஊறப்போட்டிருந்த விதைநெல் அண்டா நிறைய இருந்தது. காய்ந்த நெல்லைவிட ஈர நெல் எடை அதிகம் என்பது கொள்முதல் நிலையத்தில் மூட்டை போட்ட எவனுக்கும் தெரியும். பஞ்சைப் பிடுங்கிவிட்டு, இரண்டு டயரிலும் ஊறின நெல்லைக் கிட்டித்து அடைத்துத் திருகிவிட்டேன்.

அன்று சாயந்திரம் கொல்லையில் செங்கல்லை அடுக்கி ஏற்றிப் பார்த்தோம். மூக்கு தூக்கவே இல்லை. தேர் மாதிரி ஏறியது.

"மாமா! என்ன வச்சீங்க?"

"அது தொழில் ரகசியம் மாப்ள."

என் மகள் மட்டும் என் முகத்தைப் பார்த்து, "அப்பா, நீங்க சிரிக்கிறதே சரியில்லையே" என்றாள். அவள் அம்மாவைக் கொண்டு பிறந்தவள்.

வண்டியைச் சாக்கில் சுற்றிக் காரின் டிக்கியில் வைத்தார் மருமகன். அது வெள்ளிக்கிழமை. போட்டி ஞாயிற்றுக்கிழமை. ஊறின நெல்லை இறுக்கிக் கட்டி, காற்றுப் படாமல், சூடான இடத்தில் சாக்கு போட்டு மூடி வைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் நடக்கப் பழகுகிற குழந்தைக்குக்கூடத் தெரியும். ஐம்பது வருஷமாக விதை முளைகட்டுகிற எனக்கு மட்டும் அந்த இரண்டு நாள் தெரியாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வல்லத்தில் போய் டிக்கியைத் திறந்ததும் புளித்த வாடை. முன் டயர் இரண்டும் அம்மைக்கட்டு வந்த கன்னம்போல் உப்பியிருந்தன. மருமகன் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சம்பந்தி குடையை ஊன்றிக்கொண்டு பாறைக்குப் பக்கத்திலேயே நின்றார். வண்டி ஏறியது. பாதி தாண்டியது. மூக்கு தூக்கவில்லை. உச்சிக்கு ஒரு சாண் இருக்கும்போது 'டப்' என்று சத்தம். ஒரு டயர் வாயைப் பிளந்தது. வெள்ளை வெள்ளையாக முளைவிட்ட நெல் செம்பாறைமேல் கொட்ட, தன் விதையிலேயே தான் வழுக்கி, வண்டி உருண்டு வந்து சம்பந்தியின் செருப்பருகே மல்லாந்தது.

கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்: "என்ன ரகங்க அது?"

நடுவராக நின்ற பையன் பாவம், கையில் இருந்த சட்டதிட்டத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். சம்பந்தி மெதுவாகக் குனிந்தார். முளைநெல்லை ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"சம்பந்தி, இது உங்க வேலைதானே?"

"ஆமாங்க."

"ஒண்ணுகூடப் பழுது இல்லீங்க. அத்தனையும் முளைச்சிருக்கு" என்று சொன்னவர், குடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்து, நாங்கள் முதுகைத் தடவிவிடும்வரை சிரித்தார். பிறகு, மகனின் ஜீப்பைத் தன் கையாலேயே தூக்கி நிமிர்த்தி, சக்கரத்தில் ஒட்டியிருந்த நெல்லை ஒவ்வொன்றாக எடுத்தார். மருமகன் என்னைத் திட்டுவதற்கு வைத்திருந்ததையெல்லாம் விழுங்கிவிட்டார்.

இப்போது போட்டி தொடங்குமுன் ஒரு விதியைச் சத்தமாக வாசிக்கிறார்கள்: 'எடைக்கு உலோகம் மட்டுமே. தானியம் கூடாது.' வாசித்ததும் எல்லாரும் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள், அந்தச் செவலைக் காளை மாதிரியே.

பித்தளை வெயிட்டு போட்ட பிறகு மருமகன் வண்டி எத்தனையோ தடவை உச்சிக்கு ஏறிவிட்டது. சம்பந்தி ஒரு போட்டியையும் விடுவதில்லை. இந்த வயதில் வெயிலில் நிற்கிறீர்களே என்று யாராவது கேட்டால் என்னைக் காட்டிச் சொல்கிறார்:

"வண்டி ஏறுதான்னு பாக்க யாருங்க வந்தா? முளைக்குதான்னு பாக்க வந்தேன்."