மைதானத்து விளக்கை நான் எரியவிட்டது குறித்து

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே நாங்கள் நலம். நீங்களும் சம்பந்தியம்மாளும் நலமாக இருக்க வேண்டும் என்றே விரும்புகிறேன். சனிக்கிழமை நடந்தவற்றுக்குப் பிறகும் அந்த விருப்பத்தில் மாற்றம் இல்லை.

உங்கள் வானம் பார்க்கும் குழுவுக்குப் ‘புதிதாக வருபவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை’ என்ற தாளை என் பெண்ணிடம் கொடுத்தனுப்பியிருந்தீர்கள். போன வாரம் வரை இல்லாத தாள். ‘சட்டைப் பையில் டெஸ்டர் கொண்டுவரக் கூடாது’ என்று வானம் பார்க்கும் குழு எதிலாவது விதி உண்டா? யாரை நினைத்து எழுதியது என்று குழந்தைக்கும் புரியும். ஆகவே என் தரப்பையும் படித்துவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு நான் வரலாமா கூடாதா என்று சொல்லுங்கள். நான் கேட்கவில்லை, நீங்களாகச் சொல்லுங்கள்.

முதலில் கார் விளக்கு. இருட்டுவதற்கு முன்பே வரச் சொன்னீர்கள். வந்திருப்போம், என் மனைவி கம்பளிச் சட்டைக்குப் பொருத்தமான செருப்பைத் தேடியதில் வழியிலேயே இருட்டிவிட்டது. இருட்டினால் விளக்குப் போடாமல் எப்படி ஓட்டுவது? மைதானத்துக்குள் திரும்பியதும் ஆளாளுக்குக் கண்ணைப் பொத்திக்கொண்டு ‘ஐயோ’ என்றார்கள். ஏதோ விபத்து போலிருக்கிறது, நன்றாகத் தெரியட்டும் என்று பெரிய விளக்கையும் போட்டேன். நீங்கள் ஓடி வந்து, “அணைங்க சம்பந்தி, அணைங்க! கண்ணு இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும்!” என்றீர்கள். பல் வைத்தியரான நீங்கள் வாழ்நாளெல்லாம் ஊரார் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தவர். நானோ யாரிடமும் படிக்காமல், ஷாக் அடித்து அடித்தே தொழில் கற்று, தெருத்தெருவாக விளக்கு மாட்டி ஓய்வு பெற்றவன். நம் இருவருக்கும் வெளிச்சம் எப்போது எதிரியானது?

அடுத்தது தொலைநோக்கி. சனி கிரகத்தைப் பார்க்க வரிசை நின்றது. எனக்கு முன்னால் நின்ற என் மனைவி கண்ணை வைத்ததும், “ஐயோ என்னங்க இது! வளையம் போட்டுக்கிட்டு நிக்குது! கழட்டிக் காதுல மாட்டிக்கலாம் போல இருக்குங்க!” என்று குதித்தாள். நான் வாங்கித் தந்த எந்தத் தோட்டுக்கும் அவள் அப்படிக் குதித்ததில்லை. என் முறை வந்தது. பிடிமானம் இல்லாமல் எப்படிக் குனிவது? குழாயைப் பிடித்தேன். பலர் தலைகீழாக நின்று விரட்டினாலும் போகாத சனி, நான் தொட்டதும் ஓடிவிட்டது. தொலைநோக்கியின் சொந்தக்காரரான தையல்காரர், “பெரியவரே, கண்ண மட்டும் கொண்டாங்க. கையப் பின்னால கட்டிக்கிட்டு வாங்க” என்றார். பிறகு சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு, திருகைத் தடவித் தடவிச் சனியைத் தேடத் தொடங்கினார். அந்தப் பரிதாபத்தைப் பார்க்கப் பொறுக்காமல்தான் நான் கம்பத்தடிக்குப் போனேன்.

அங்கே மைதானத்துப் பெரிய விளக்கு எரியாமல் நின்றது. நீங்கள் அனுமதி வாங்கி அணைத்து வைத்தது எனக்கு எப்படித் தெரியும்? எரியாத விளக்கென்றால் பழுது என்றுதான் என் கைக்குத் தெரியும். சட்டைப் பையிலிருந்த டெஸ்டரால் நெம்பிப் பெட்டியைத் திறந்தால் ஃபியூஸைப் பிடுங்கி மேலே வைத்திருக்கிறார்கள். என்ன அலட்சியம் என்று திட்டிக்கொண்டே செருகினேன். பட்டப்பகலானது. கைதட்டுவார்கள் என்று திரும்பினேன்.

“யாருய்யா அது!”

“சனியத் தேடிக்கிட்டிருக்கேன், இவரு சூரியனையே கொண்டாந்துட்டாரே!” என்றார் தையல்காரர்.

நீங்கள் என் தோளில் கை போட்டு, “சம்பந்தி, கொஞ்ச நேரம் கார்ல உட்காருங்களேன்” என்றீர்கள். பெண் கொடுத்தவனை!

உட்கார்ந்தேன். விளக்கை அணைத்தார்கள். கோபத்தில் கண்ணாடி வழியே முறைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன, சம்பந்தி! முதலில் நாலைந்து, பிறகு அவற்றுக்கு நடுவில், பிறகு நடுவிலும் இடமில்லாமல்! குறுக்கே புகை மாதிரி ஒரு பட்டை. கண்ணாடியில் அழுக்கு என்று துணி எடுத்துத் துடைத்தேன், போகவில்லை. இறங்கிப் பார்த்தால் வானத்தில் இருக்கிறது! இவ்வளவும் தினமும் தலைக்கு மேலேயே இருந்ததா? எங்கள் ஊரின் ஒரு தெருவில்கூட நான் பார்த்ததில்லையே! அந்தத் தெருக்களுக்கெல்லாம் விளக்குப் போட்டது யார் என்பதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை. அந்த நேரம் பார்த்து யாரோ செல்போன் வெளிச்சத்தோடு வந்தார்கள். “அணைய்யா அத!” என்று கத்தினேன். வந்தது, எனக்குத் தேநீர் கொண்டுவந்த நீங்கள்தான். அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன், விதி உங்களுடையது.

ஆகவே என் முடிவைக் கேளுங்கள். டெஸ்டர் இல்லாமல் நான் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை, இனியும் தாண்டப் போவதில்லை. அந்தத் தாளை நீங்கள் கிழிக்கும்வரை மைதானத்தில் கால் வைக்க மாட்டேன். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். சம்பந்தியம்மாளுக்கு வணக்கம். தையல்காரருக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
தன் சொல்லிலிருந்து மாறாத
உங்கள் சம்பந்தி

பி.கு.: இந்தக் கடிதத்தோடு டெஸ்டரையும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கம்பத்துப் பெட்டிக்கு ஒரு பூட்டும் இருக்கிறது. சாவியை என்னிடம் மட்டும் தராதீர்கள். சனிக்கிழமை இருட்டும் முன்பே வந்துவிடுவோம், அவள் செருப்பை இப்போதே காரில் வைத்தாயிற்று. வரிசையில் எனக்கு முதல் இடம் வேண்டும். தையல்காரரிடம் சொல்லுங்கள்: கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனியப் பழகி வருகிறேன். நேற்றிலிருந்து விழவில்லை.