பம்பர் நைனாவும் சாவு வண்டியும்

சாவு வீட்டுக்குப் போய், செத்தவர் முகத்தைப் பார்க்காமல், அவரை ஏற்றிப்போக வந்த வண்டியின் பம்பரைப் பார்த்துக் கண்கலங்கிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியிலேயே பம்பர் நைனா ஒருவர்தான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் இரும்பு ஆலைக்கு எதிரே ஒரு வாட்டர் வாஷ் கடை. அங்கேதான் இருந்தார் நைனா. ஒல்லி உடம்பு, காக்கி டிரவுசர், சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழைய டூத் பிரஷ். காரின் பெயிண்டைப் பற்றி அவருக்கு எந்த அக்கறையும் கிடையாது. கண்ணாடியே உடைந்திருந்தாலும் கண்டுகொள்ள மாட்டார். பம்பர், கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, சக்கரத்துக்கு மேலே வளைவு என்று வெளியே கறுப்பு பிளாஸ்டிக் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம்தான் அவர் உயிர் இருந்தது. அதில் ஒரு கறையைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

எங்கள் ஊரில் கறைக்குப் பஞ்சமா? எளாவூர் செக்போஸ்ட் பக்கமிருந்து வரும் டிரைவர்கள் பளபளப்புக்காக பிளாஸ்டிக்கில் டீசலைத் தடவுவார்கள். ஆலைகளின் கரித்தூள் அதில் வந்து அப்பி, சாயங்காலத்துக்குள் பம்பருக்குத் தாடி முளைத்துவிடும். நைனா அவர்களைப் பிடித்துக் கத்துவார்.

"பிளாஸ்டிக் இன்னா அப்பளமா? எண்ணெயில போட்டு எடுக்கிற?"

என் காரும் அவரிடம் மாட்டியது. ஆயுத பூஜைக்கு நானே பாலீஷ் போடுகிறேன் பேர்வழி என்று, பெயிண்டுக்குப் போட வேண்டியதை பம்பருக்கும் சேர்த்துப் பூசிவிட்டேன். காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. தண்ணீருக்கும் போகவில்லை, சோப்புக்கும் போகவில்லை. நைனா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னா சார் இது? அந்தச் சொரசொரப்புல பாலீஷ் பூந்துகினா அவ்ளோ லேசுல வெளிய வருமா?"

பக்கத்து டிபன் கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "தேவகி! காரம், புளி இல்லாம வேர்க்கடல சட்னி!"

"உப்பு?" என்றாள் தேவகி.

"அதுவும் வோணாம்."

நாஷ்டா சாப்பிடப் போகிறார் என்று நானும் பொறுமையாக நின்றேன். சட்னியைக் கையில் வாங்கியவர் என் பம்பரில் அப்பினார். டூத் பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். கடலையில் இருக்கும் எண்ணெய் பாலீஷை மெதுவாக வெளியே இழுத்துவிடுமாம். கழுவியதும் பம்பர் புதுசு போலக் கறுத்துவிட்டது. என்ன, ஆலை வாசலில் இருக்கும் நாய் மட்டும் ரொம்ப நாள் என் வண்டியை நக்கிக்கொண்டே இருந்தது.

நைனாவின் ஒரே எதிரி சேகரின் சாவு வண்டி. சேகர் நல்ல பையன்தான். ஆனால் வண்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில் பம்பர் உட்பட எல்லாவற்றுக்கும் பாலீஷ் போடுவான். சாவு வண்டி உள்ளே வந்தால் மற்ற வண்டிகள் வராது என்று வாட்டர் வாஷ் முதலாளி அதைச் சேர்ப்பதில்லை. மற்ற நேரத்தில் அது சுடுகாட்டுக்குப் பின்னால் நிற்கும். மனைவி இறந்த பிறகு நைனா அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. அதனால் அவருக்கு அந்த பம்பர் கையில் கிடைப்பது சாவு வீடுகளில் மட்டும்தான்.

எங்கள் ஆலையின் பழைய வாட்ச்மேன் இறந்தபோது நானும் போயிருந்தேன். உள்ளே ஒப்பாரி. வெளியே நைனா வண்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணில் நீர் வழியத் தேய்த்துக்கொண்டிருந்தார். செத்தவரின் மைத்துனர் நெகிழ்ந்துபோய் அவர் தோளைத் தொட்டார்.

"அழாத பெரியவரே. அவுரு நல்லா வாழ்ந்துட்டுத்தான் போயிருக்காரு."

நைனா நிமிராமலே சொன்னார். "கொஞ்சம் காலத் தள்ளி வைய்யி. வெளிச்சம் வர்ல."

அப்புறம் என்ன, நாலு பேர் சேர்ந்து மொத்தினார்கள். நான்தான் இழுத்துக்கொண்டு வந்து தேவகி கடையில் உட்கார வைத்தேன்.

"எதுக்கு நைனா ஒங்களுக்கு இந்தப் பேஜாரு?" என்றேன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

வீங்கின கன்னத்தில் டீ கிளாஸை ஒற்றிக்கொண்டே சொன்னார்.

"எங்கூட்டுக்காரி அந்த வண்டிலதான் சார் போனா. நான் பின்னாடியே தலையக் குனிஞ்சிகினு நடந்தேன். எதுக்கால அந்த பம்பரு. வெள்ள வெள்ளையா கறை. சுடுகாடு வரைக்கும் அதையே பாத்துகினு போனேன். இப்போ கண்ண மூடுனா அவ மூஞ்சி வர்ல சார். அந்தக் கறதான் வருது."

தேவகி தோசைக்கல்லைப் பார்த்தபடி நின்றாள். தோசை கருகியது.

நைனா முன்பு ஆலையில் உலைப் பக்கம் வேலை பார்த்தவர். அங்கே பறந்த கரித்தூள் நெஞ்சுக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. டாக்டர் மாஸ்க் போடச் சொன்னார். நைனா அந்த மாஸ்க்கால் பம்பரைத் துடைத்தார். மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எளாவூர்ல என் பொண்ணு கீது சார். ஒத்தப் பொண்ணு. நான் போனா தெருமுனை வரைக்கும் அதான் வண்டி பின்னாடி வரும். அதுக்கும் அந்தக் கற மிஞ்சக் கூடாது. நீ பாத்துக்க."

"சும்மா இருங்க நைனா" என்று அதட்டினேன்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு காலையில் போய்விட்டார். ஒட்டின போஸ்டரில்கூட 'பம்பர் நைனா' என்றுதான் போட்டிருந்தது. அவர் அறை வாசலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. சேகர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அழுகையோடு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நைனாவுக்குன்னு இன்னிக்கி ரெண்டு கோட்டு பாலீஷ் போட்டுக்கீறேன் சார்!"

பம்பர் சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருந்தது.

தேவகி கடைக்கு ஓடினேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் வேர்க்கடலையை மிக்சியில் கொட்டினாள். "உப்பு வோணாம்தானே?" என்று கேட்டுவிட்டு, முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

திரும்பி வந்து, அறையில் ஆணியில் தொங்கிய நைனாவின் சட்டைப் பையிலிருந்து டூத் பிரஷ்ஷை எடுத்தேன். வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, சட்னியை அப்பித் தேய்க்க ஆரம்பித்தேன். சேகருக்கு விஷயம் புரிந்ததும் தோளில் கிடந்த துண்டோடு அவனும் உட்கார்ந்தான். ராகு காலம் வந்துவிடும் என்று பெரியவர்கள் சத்தம் போட்டார்கள். யாரோ என் தோளைத் தொட்டு, "அழாத சார்" என்றார்.

"கொஞ்சம் காலத் தள்ளி வைங்க. வெளிச்சம் வரலை" என்றேன். அழுதுகொண்டுதான் இருந்தேன்.

குடத்துத் தண்ணீரை ஊற்றினோம். பம்பர் கன்னங்கரேலென்று வந்தது. வண்டி கிளம்பியது. நைனாவின் மகள் தெருமுனை வரை பின்னாலேயே நடந்தாள்.

பிறகு அவள் அப்பாவின் அறையைக் காலி செய்ய வந்தாள். தேவகி கடையில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, மனசு கேட்காமல் கேட்டேன்.

"அன்னிக்கி வண்டி பின்னாடி வந்தியேம்மா, பம்பரைப் பாத்தியா?"

"பம்பரா? இல்லியேண்ணா." அவள் யோசித்தாள். "கண்ணாடி வழியா நைனா மூஞ்சியத்தான் பாத்துகினு வந்தேன். தூங்குறமாரியே இருந்துச்சி. இப்போ கண்ண மூடுனாலும் அதான் வருது."

நான் வாட்டர் வாஷ் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு சின்னத் திட்டுகூட மிச்சமில்லை, நைனா.