வலது கண்ணே சாட்சி

"அவன் சோறு எந்தக் கையால துன்றான்? அதைத் தெரிஞ்சிகினு வா. அப்பால பாடம் சொல்றேன்" என்றார் பக்தவச்சலம் வாத்தியார்.

ஞானதுரைக்கு இது குத்துச்சண்டைப் பாடமாகவே படவில்லை. ராயபுரத்தில் கருப்பட்டி மண்டி வைத்திருக்கிற மனிதர் அவர். வயது முப்பத்திரண்டு, எடை இருநூற்றுப் பத்து பவுண்டு. பத்து நாளைக்கு முன்னால் ஊரே பார்க்க, ஹார்பரில் மூட்டை இறக்கும் ஜாபரிடம் இரண்டாவது ரவுண்டில் விழுந்தார். ஜாபர் இடது கைக்காரன். அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று ஞானதுரைக்கு இன்றுவரை தெரியாது. வந்து சேர்ந்த இடம் மட்டும் தெரியும், வலது கண். அது இன்னும் நாவல்பழ நிறத்தில்தான் இருந்தது. மண்டிக்கு வருகிறவர்கள் கருப்பட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் சனிக்கிழமை அதே ஜாபருடன் மறுபடியும் சண்டை.

"சோத்துக்கும் குத்துக்கும் என்ன சம்பந்தம் வாத்தியாரே?"

"கீதுப்பா. அவன் பொறவியிலயே பீச்சாங்கைன்னா, சோத்துக் கை, அதான் வலது கை, சும்மா பேருக்குத்தான். நீ உன் இடது காலை அவன் வலது காலுக்கு வெளியே வச்சிகினு, இடது பக்கமாவே சுத்திகினு, மொதல்ல வலது கையை வுடு. அவன் பீச்சாங்கை உன்னைத் தேடிகினே இருக்கும். ஆனா மேடைக்காகப் பழகின பீச்சாங்கைன்னு வை, சோத்துக் கை எங்கியோ ஒளிஞ்சிகினு கீதுன்னு அர்த்தம். அப்போ நான் சொன்ன பாடமே உன்னைச் சாய்ச்சிடும்."

ஞானதுரை இரண்டு நாள் மண்டியை வேலையாளிடம் விட்டுவிட்டு ஹார்பர் கேட் பக்கம் ஒளிந்து நின்றார். அவ்வளவு பெரிய உடம்பை ஒளித்து வைக்கத் துறைமுகத்திலும் இடம் குறைவு. ஆனாலும் பார்க்க வேண்டியதை ஓரளவு பார்த்துவிட்டார். சாப்பாட்டை மட்டும் பார்க்க முடியவில்லை. ஆகவே திங்கட்கிழமை காலை, ஜாபர் குடியிருக்கும் சந்தின் முனையில் மாசானத்தின் டீக்கடைக்குப் போனார்.

"மாசானம், நம்ம ஜாபர் சோறு எந்தக் கையால சாப்பிடுதாரு?"

மாசானம் கண்ணைச் சிமிட்டினான். "எனக்கென்ன தெரியும் அண்ணாச்சி. நான் டீ விக்கிறவன்." மறுபடியும் சிமிட்டினான். அடுப்புப் புகை கண்ணில் போயிருக்கும் என்று ஞானதுரை நினைத்துக்கொண்டார்.

பெஞ்சில் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் அப்போதுதான் வாங்கிய டீ. அவர் மெதுவாகத் திரும்பினார். "ஏன் தம்பி, அவருக்கு இடது கைப் பழக்கமா?"

"என்ன பாய் இப்படிக் கேட்டுட்டீங்க. ரெண்டு நாளா ஒளிஞ்சு நின்னுல்லா பாத்தேன். மூட்டைக் கொக்கி இடது கையில, பீடி இடது கையில, மூக்கைச் சொறியவும் இடது கைதான். பொறவிக் குணம். சோறும் அதுலதான்னு அடிச்சுச் சொல்லுவேன்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"இந்தா, என் வலது கண்ணைப் பாருங்க. இதுக்கு மேல சாட்சி வேணுமா?"

பெரியவர் கண்ணைப் பார்த்தார். டீ கிளாஸைக் குடிக்காமலே பெஞ்சில் வைத்தார். எழுந்து விறுவிறுவென்று போய்விட்டார்.

"நல்லா கெடுத்தீங்க அண்ணாச்சி" என்றான் மாசானம். "வண்ணாரப்பேட்டை சௌக்கத் அலி பாய் அவரு. கயித்துக் கடை வச்சிருக்காரு. ஜாபருக்குப் பொண்ணு குடுக்கலாமான்னு விசாரிக்க வந்தவரு. இடது கையால திங்குதவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா? நான் கண்ணை அந்தச் சிமிட்டு சிமிட்டுதேன், நீங்க ஒங்க கண்ணைக் காட்டுதீங்க."

ஞானதுரைக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. மேடையில் விழுந்தபோதுகூட இப்படிக் கூசவில்லை. அன்றைக்கு விழுந்தது அவர் மட்டும்தான். இன்றைக்கு ஒருவன் கல்யாணத்தையும் சேர்த்து விழத் தட்டியிருந்தார்.

வீட்டில் மனைவி தேவகிருபை கேட்டுவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டாள். "சண்டையில செயிக்க முடியாதவரு கல்யாணத்தைக் கெடுத்துப் பழி வாங்கிட்டாருன்னுல்லா சொல்லுவாக. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கோயிலுக்குப் போவேன்?"

மறுநாள் காலையில் ஞானதுரை கயிற்றுக் கடையில் நின்றார்.

"பாய், நேத்து நான் சொன்னது தப்பு. ஜாபர் இடது கை இல்ல. சுத்தமான வலது கை."

சௌக்கத் அலி கயிற்றுச் சுருளைக் கீழே வைத்தார். "மேடையிலே இடது கையாலதான் அடிக்கிறாராமே?"

"சும்மா கட்டி விட்ட கதை, பாய்."

"அப்ப இந்தக் கண்ணு? இதைத்தானே சாட்சின்னீங்க? எதுக்க நிக்கிறவரு வலது கையால அடிச்சா உங்களுக்கு இடது கண்ணுல்ல வீங்கணும்?"

கயிறு விற்கிற மனிதர் இவ்வளவு யோசிப்பார் என்று யார் கண்டது. ஞானதுரை தொண்டையைச் செருமினார். வேறு வழி தெரியவில்லை.

"நான் திரும்பி ஓடினேன் பாய். ஓடுதப்ப வலது பக்கமா லேசாத் திரும்பிப் பாத்தேன். அப்பப் பட்டது."

கயிறு வாங்க வந்திருந்த நாலு பேரும் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்கள். ஞானதுரை தரையைப் பார்த்தார்.

சௌக்கத் அலியின் முகம் வாடிப்போயிற்று. இன்னும் நம்பவில்லை போலிருக்கிறது என்று பயந்து, "சத்தியமா வலது கைதான் பாய்" என்று வேறு சேர்த்துச் சொன்னார் ஞானதுரை. ஞாயிறுதோறும் கோயிலில் பைபிளின் பத்துக் கட்டளைகளையும் தவறாமல் ஒப்பிக்கிற மனிதர். பொய்ச் சாட்சி எத்தனையாவது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"சரி தம்பி" என்றார் சௌக்கத் அலி, சுரத்தில்லாமல். "சனிக்கிழமை சண்டைக்கு நானே வரேன். கண்ணால பாத்துக்கறேன்."

இனி ஜாபரிடம் சொல்லாமல் முடியாது. சாயங்காலம் அவன் வீட்டு வாசலில் நின்று, நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார்.

ஜாபர் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பொய் சொன்னது நீ. அதை நெசமாக்கணும்னா நான் சோத்துக் கையாலல்ல சண்டை போடணும்? சோத்துக் கையால எனக்குக் கொசு அடிக்கக்கூட வராதே நைனா."

அவன் தாய் காத்தூன் பீவி உள்ளேயிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து ஞானதுரையிடம் நீட்டினாள். "இந்தக் கையாலயே மூணு எடம் தட்டிப் போச்சு தம்பி. இதாச்சும் கூடி வரும்னு இருந்தேன். குடிங்க." அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை. ஞானதுரை சொம்பை வாங்கிக்கொண்டார்.

"வலது கையால அடிக்க நான் சொல்லித் தாரேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

புதன், வியாழன், வெள்ளி, மூன்று காலையும் மண்டிக்குப் பின்னால் பாடம் நடந்தது. "இடது காலை முன்னால வையி. இடது கையை லேசா நீட்டு. வலது கை தாடையோட இருக்கட்டும்." ஜாபர் காலை மாற்றினால் கை மறந்தது, கையை மாற்றினால் கால் மறந்தது. இரண்டும் சேர்ந்து சரியாக வந்த ஒரே தடவை கருப்பட்டிச் சிப்பத்தின்மேல் விழுந்தான்.

வெள்ளிக்கிழமை பக்தவச்சலம் வாத்தியார் வந்து பார்த்துவிட்டார்.

"எதிராளிக்குப் பாடம் எடுத்துகினு கீறியா? அப்போ நான் உனக்குச் சொன்ன பாடம்?"

"அது இனிமே தேவைப்படாது வாத்தியாரே."

"நீயா சொல்லிகினியாமே, ஓடும்போது அடிபட்டேன்னு? வண்ணாரப்பேட்டை பூரா அதான் பேச்சு. வெளிய தலை காட்ட முடியல, பேஜாரா கீது." ஞானதுரை ஜாபரின் வலது கையைத் தூக்கித் தாடையோடு வைத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் நிற்க இடமில்லை. முதல் வரிசையில் சௌக்கத் அலி, தொடையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, இழவு வீட்டுக்கு வந்தவர்போல் உட்கார்ந்திருந்தார். நாலு வரிசை தள்ளி தேவகிருபை முந்தானையால் பாதி முகத்தை மூடியிருந்தாள்.

மணி அடித்தது. ஜாபர் இடது காலை முன்னால் வைத்து, வலது கையைத் தாடையோடு ஒட்டிக்கொண்டு வந்தான். கூட்டம் முணுமுணுத்தது. அவன் வலது கையை வீசினான். அது ஞானதுரைக்கு ஒரு முழம் தள்ளிக் காற்றில் போயிற்று. ஞானதுரையும் பதிலுக்குக் காற்றையே அடித்தார். முதல் ரவுண்டு முழுக்க இரண்டு பேரும் ஒருவரையொருவர் தொடவேயில்லை.

"அடி நைனா" என்று இரண்டாவது ரவுண்டில் ஜாபர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "பெரியவரு சந்தேகமாப் பாக்கறாரு."

சரி, லேசாக ஒன்று வைப்போம் என்று ஞானதுரை வயிற்றில் வைத்தார். இருநூற்றுப் பத்து பவுண்டில் லேசு என்பது கிடையாது. ஜாபருக்கு மூச்சு நின்று கண் இருண்டது. மூன்று நாளில் படித்ததெல்லாம் மறந்துபோயிற்று. பிறவியிலிருந்து இருந்த கை மட்டும் தானாகக் கிளம்பி வந்தது.

அதே வலது கண்.

ஞானதுரை விழுந்தார். மைதானமே எழுந்து நின்று கத்தியது. நடுவர் எண்ண ஆரம்பித்தார். ஞானதுரைக்கு வலி தெரியவில்லை. மேலே ஜாபர் தன் இடது கையைத் திருட்டுச் சாமானைப்போல் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. நாலாவது இடமும் போயிற்று, அதுவும் என்னால் என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐந்து எண்ணும்போது எழுந்துவிட்டார். "இடது பக்கம் சுத்து" என்று வாத்தியார் பழைய பாடத்தையே கத்தினார். ஞானதுரை எந்தப் பக்கமும் சுற்றவில்லை. நேராகத் திரும்பி, கயிற்றுக்கு நடுவில் உடம்பைத் திணித்து, மேடையை விட்டு இறங்கி ஓடினார்.

"பார்றா, நெசமாவே ஓடறான்" என்று யாரோ சொல்ல, மைதானம் விழுந்து விழுந்து சிரித்தது. தேவகிருபை முந்தானையால் மீதி முகத்தையும் மூடிக்கொண்டாள்.

ஞானதுரை முதல் வரிசையில் போய் நின்றார். மூச்சு வாங்கியது.

"பாய், நான் சொன்னது அம்புட்டும் பொய். அவரு இடது கைதான். நான் அன்னைக்கு ஓடவும் இல்ல, இப்பத்தான் ஓடி வாரேன். என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. ஆனா ஜாபர் நல்ல மனுசன். அந்தக் கைக்காக அவரை வேண்டாம்னு சொல்லிராதீங்க."

சௌக்கத் அலி எழுந்தார். கிளவுஸ் மாட்டிய ஞானதுரையின் கையைத் தன் இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எம் பொண்ணு தாஹிராவும் இடது கைதான் தம்பி. அவளைக் குறை சொல்லாத மாப்பிள்ளை கெடச்சுட்டாருன்னு அன்னிக்கு டீயைக்கூடக் குடிக்காம வூட்டுக்கு ஓடுனேன், மறுநாளே நீங்க வந்து வலது கைன்னு சத்தியம் பண்ணிட்டீங்க."